‘இந்தாம்மா ஏய்’ என்று என் மகன் அக்காவைக் கூப்பிடுகிறான். மாமாவிடம் எப்படிப் பேசுவது?

சிறுமலைக்காற்று:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திண்டுக்கல். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. வீட்டில் மாமா, அத்தை, கணவர், 2 பிள்ளைகள். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. சன் டிவி ‘எதிர்நீச்சல்’ சீரியல் 2022 பிப்ரவரியில் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நாள் விடாமல் ஓடியது. மாமாவுக்கு அதில் ‘இந்தாம்மா ஏய்’ என்று வீட்டுப் பெண்களை அதட்டும் ஆதி குணசேகரன் என்றால் உயிர். அவராக வந்த மாரிமுத்து சார் நடிப்பு அப்படி. 2023 செப்டம்பர் 8 அன்று, டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்து அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தபோது மாமா மத்தியானம் சாப்பிடவே இல்லை. நானும் அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தரையில் உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். சோபாவில் சாய்ந்திருந்த மகன், “இந்தாம்மா ஏய், அந்தத் தண்ணியக் கொண்டா” என்றான். அதே குரல், அதே தலையாட்டல். மாமா கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். மகள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

எனக்கு உறுத்தியது அவன் சொன்னது இல்லை, அவள் எழுந்து போனதுதான். ரிமோட்டுக்காக அவன் முடியைப் பிடித்து இழுக்கிற பெண் அவள். பெரியவர்கள் சிரித்ததும், இது இப்படித்தான் போல என்று எடுத்துக்கொண்டாள்.

கேட்டால், “காமெடிக்குச் சொல்றான், இதைப் போய்ப் பெருசு பண்றியே” என்கிறார்கள். மாமா கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் நான் எம்.எஸ்ஸி. முடிக்கப் பணம் கட்டியதே அவர்தான். சீரியலில் ஆதிரையின் கல்யாணத்தைக் குணசேகரன் வலுக்கட்டாயமாக மாற்றியபோது, “சொந்தத் தங்கச்சிக்கு எவனாவது இப்படிச் செய்வானா” என்று டிவியைப் பார்த்துத் திட்டியவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் ஏன் இதற்குச் சிரிக்கிறார்? குணசேகரன் செய்வது தப்பு என்று காட்டத்தான் அந்தக் கதையே. பிறகு எப்படி அவர் பேச்சு மட்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது? டிவியை நிறுத்துவது தீர்வாக எனக்குத் தோன்றவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

தங்கச்சி, நானும் உங்கள் மாமா கட்சியில் இருந்தவன்தான். மதுரைக்காரன். அந்தப் பேச்சு எங்கள் டீக்கடைப் பேச்சு, எங்கள் பெரியப்பா பேச்சு. டிவியில் கேட்கும்போது நம்ம ஆள் என்று ஒரு சந்தோஷம் வரும். அதை மறைக்க மாட்டேன்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கார் ஓட்டப் பழகும் வகுப்பில் சேரட்டுமா என்று என் மனைவி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். நான் வேலை மும்முரத்தில் குணசேகரனின் ‘இந்தாம்மா ஏய்’ ஸ்டிக்கரைத் தட்டிவிட்டேன். மனதில் ஒன்றும் இல்லை. 2 மாதம் கழித்து நானே கேட்டேன், “என்ன, எப்ப சேரப் போற?” “அதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களே” என்றாள். நான் எங்கே சொன்னேன் என்று சண்டைக்குப் போனேன். போனை எடுத்து அந்த ஸ்டிக்கரைக் காட்டினாள்.

2 மாதம் அதை மனசில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. உங்கள் மாமாவிடம் வாதம் பண்ணாதீர்கள். பேத்தி எழுந்து போனதை மட்டும் சொல்லுங்கள். அவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்.

ஓய்வுபெற்ற டீச்சர்:

அம்மா சிறுமலை, ஒரு கேள்வி. உன் மகன் அந்தச் சீரியலை ஒரு நாளாவது முழுசாகப் பார்த்திருக்கிறானா? கதை 2022-இல் தொடங்கியபோது அவன் சின்னக் குழந்தை. முதல் பாகம் 2024 ஜூனில் முடிந்தது. அவன் பார்ப்பது போனில் வரும் துண்டு வீடியோவாகத்தான் இருக்கும்.

எதிர்நீச்சலை எடுத்த இதே திருச்செல்வம்தான் 2003-லிருந்து 2009 வரை ‘கோலங்கள்’ சீரியலையும் எடுத்தார். அங்கேயும் வில்லன் பெயர் ஆதி. கட்டடத் தொழில் செய்த கதாநாயகி அபியை அவன் என்ன பாடு படுத்தினான்! எங்கள் தெருவில் ஆதியைச் சபிக்காத பெண் கிடையாது. எந்தப் பையனும் அவனைப் போலப் பேசிக் காட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்போது ஆதி பேசினால் அடுத்து அபி பேசுவதையும் பார்த்துத்தான் எழுந்திருக்க முடியும். இப்போது குணசேகரன் பேசி முடித்த இடத்தில் கத்தரித்துப் பாட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த வீட்டு மருமகள் ஜனனி சொன்ன பதில், அவர் மனைவி ஈஸ்வரியின் முகம், எல்லாம் அந்த 30 விநாடிக்கு வெளியே நின்றுவிடுகிறது. பிள்ளைக்குப் பதில் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நைட்ஷிப்ட்:

டீச்சர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். முழுசாகப் பார்த்தவர்கள் மட்டும் சரியாகவா பார்த்தார்கள்? ‘பாக்கியலட்சுமி’ சீரியல் நினைவிருக்கிறதா? மனைவி, 3 பிள்ளைகள் இருக்கும்போது ராதிகாவோடு மறைத்துப் பழகியவர் கோபி. எங்கள் ஹாஸ்டலில் ராதிகாவைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கோபி மாட்டிக்கொண்டு முழிக்கும்போது “பாவம்ப்பா அந்த ஆளு” என்று சிரிப்பு. என் அம்மாவும் அப்படித்தான். ஒரு நாள் கேட்டேன், “ஏம்மா, தாலி கட்டினது யாரு, ராதிகாவா கோபியா?” அம்மா யோசித்துவிட்டு, “ஆம்பள அப்படித்தான், அவளுக்கு அறிவு எங்க போச்சு” என்றாள். அந்தக் கணக்கு சீரியலுக்கு முன்னாடியே நம் வீட்டில் இருக்கிறது.

எதிர்நீச்சலில் எனக்கு உயிர் அந்தச் சமையலறைதான் அக்கா. 4 மருமகள்களும் அங்கே பேசுவதும், அவர்களில் நந்தினி போடுகிற போடும். ஆனால் குணசேகரன் ஹாலில் சத்தமாகப் பேசுகிறார், அவர்கள் உள்ளே மெதுவாகப் பேசுகிறார்கள். போலச் செய்து காட்ட எது சுலபம்? உங்கள் மகளுக்கு நந்தினியைக் காட்டுங்கள். தம்பி அடுத்த தடவை ‘ஏய்’ என்றால் அவளுக்கும் சொல்ல ஒன்று இருக்கும்.

சிறுமலைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் கேட்டது சரிதான். அவன் ஒரு நாள் கூட முழுசாகப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி சன் நெக்ஸ்ட்டில் பழைய எபிசோடு ஒன்றைப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்தேன். மகன் பாதியில், “இவரு ஏன் எல்லாரையும் அழ வைக்கிறாரு?” என்று கேட்டான். மகள் நந்தினி வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வைகைக்கரை அண்ணன் சொன்னபடி மாமாவிடம் அவள் எழுந்து போனதை மட்டும் சொன்னேன். அவருக்குக் கோபம். “நிம்மதியா ஒரு நாடகம் பார்க்க விடமாட்டீங்களா” என்று மாடிக்குப் போய்விட்டார். அத்தை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்றுக் காலையில் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கும்போது மாமா மகளிடம், “அன்னைக்கு உனக்குக் கஷ்டமா இருந்துச்சா தாயி?” என்று கேட்டிருக்கிறார். “ஆமா தாத்தா” என்றாளாம். வேறு ஒன்றும் பேசவில்லையாம். வேன் வரும்வரை அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

கணவரிடம் இன்னும் பேசவில்லை. அண்ணன் எழுதிய ஸ்டிக்கர் விஷயத்தை இன்று ராத்திரி அவரிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.