டென்மார்க்கில் பதிவுத் திருமணம்: ஏரோவா, ரீபேவா, கோபன்ஹேகனா?

கேள்வி

ரெண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். எனக்கு ஹாம்பர்க்கில் வேலை, ப்ளூ கார்டு (வேலைக்கான குடியிருப்பு அனுமதி). அவர் ப்ரெமனில் மாஸ்டர்ஸ். இங்கே ஸ்டாண்டஸ்ஆம்ட் (ஜெர்மன் பதிவு அலுவலகம்) கேட்கிற காகிதப் பட்டியலைப் பார்த்துட்டு டென்மார்க் போயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். ஏரோ தீவுப் படமெல்லாம் பார்த்தா ஆசையா இருக்கு. ரீபே, கோபன்ஹேகன்னும் சொல்றாங்க. எதைப் பிடிக்கலாம்?

பதில் 1

வாழ்த்துகள். ஊரைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். எந்த ஊரானாலும் முதலில் ஃபமிலியரெட்ஸ்ஹூசெட் என்ற டேனிஷ் குடும்பச் சட்ட அலுவலகம் நீங்கள் மணம் செய்யலாம் என்று சான்று தர வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து இதுதான் முறை. அதற்கு முன் அந்தந்த நகராட்சியே பார்த்துக்கொண்டது. பழைய குறிப்புகளில் "எல்லை தாண்டினால் உடனே முடிந்துவிடும்" என்று இருந்தால் நம்பாதீர்கள். சான்று 4 மாதம்தான் செல்லும். தை மாதம் வாங்கி வைத்துக்கொண்டு ஆனியில் கல்யாணம் என்றால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். கட்டணம் சுமார் 2000 க்ரோனர். நிராகரித்தால் திரும்ப வராது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கமும், வெற்றுப் பக்கம், அட்டை உட்பட, ஸ்கேன் செய்யுங்கள். முகப்புப் பக்கத்தை மட்டும் அனுப்பித்தான் பலருக்குத் தாமதமாகிறது. குடியிருப்பு அனுமதி அட்டையை இருபுறமும் எடுங்கள். உறவு உண்மையானது என்று காட்டவும் கேட்பார்கள்: வெவ்வேறு காலத்துப் படங்கள், சேர்ந்து பயணம் போன டிக்கெட்டுகள், உரையாடல்களின் சில பக்கங்கள் போதும். எப்போது, எங்கே சந்தித்தீர்கள் என்பதற்கு இருவர் பதிலும் ஒத்துப்போக வேண்டும். முன்பே விவாகரத்து ஆகியிருந்தால் இறுதித் தீர்ப்பின் நகல், அப்போஸ்டிலுடன் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்றொப்பம்).

டென்மார்க் சுலபமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனி திருமணத் தகுதிச் சான்று கேட்கும். இந்தியா அப்படி ஒன்று கொடுப்பதில்லை. அதற்கு விலக்கு வாங்க மேல் மாநில நீதிமன்றம் வரை கோப்பு போக வேண்டும். இந்திய அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை, ஆகவே பிறப்புச் சான்றைத் தூதரகம் வழியாக ஊருக்கே ஆள் அனுப்பிச் சரிபார்ப்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். டென்மார்க்குக்கு அப்போஸ்டில் போதும்.

இனி ஊர். என் ஓட்டு ஏரோவுக்கு, ஆனால் மே முதல் செப்டம்பர் வரை மட்டும். ஏரோஸ்கோபிங்கில் 18ஆம் நூற்றாண்டு வீடுகள், உருளைக்கல் தெருக்கள், வெஸ்டர்ஸ்ட்ரான்ட் கடற்கரையில் வண்ணக் குளியல் குடில்கள். வெளிநாட்டு ஜோடிகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பது அங்கே அன்றாட வேலை. கடற்கரையில் வைக்கவும் கேட்கலாம், கூடுதல் கட்டணம் உண்டு. ஹாம்பர்க்கிலிருந்து ஓடென்ஸ வரை ரயில், அங்கிருந்து ஸ்வென்ட்போர்க் ரயில், பிறகு 75 நிமிடப் படகு. தீவுக்குள் பஸ் இலவசம். காரோடு போனால் கோடையில் படகில் இடம் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். பலத்த காற்று அடித்தால் படகே ரத்தாகும், ஆகவே கல்யாணத்தன்று காலைப் படகை நம்ப வேண்டாம். பல நகராட்சிகள் மூல ஆவணங்களை முந்தின வேலை நாளே நேரில் காட்டச் சொல்கின்றன, எப்படியும் ஒரு ராத்திரி தங்கியாக வேண்டும். திங்கட்கிழமைத் தேதி எடுத்தால் வெள்ளியே போய் நிற்க வேண்டி வரலாம்.

பட்டுப்புடவை கட்டுவதானால் குதிகால் செருப்பு வேண்டாம், அந்தக் கற்களில் மாட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் பல உணவகங்கள் மூடியிருக்கும். சைவம் தேடி அலைய வேண்டும். டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், முற்பகல் நேரமாகக் கேளுங்கள்.

குளிர்காலம்தான் வசதி என்றால் ரீபே. டென்மார்க்கின் மிகப் பழைய நகரம், 1496இல் கட்டிய பழைய நகர மன்றம், பக்கத்திலேயே பேராலயம், படகு வேண்டாம். கோபன்ஹேகன் 1905இல் திறந்த நகர மன்றத்தில், திவோலி பூங்காவுக்கு அருகில். வெளிநாட்டிலிருந்து விருந்தினர் பறந்து வருவதானால் அதுதான் சரி. இருவர் மட்டும் என்றால் வரிசையில் வந்து போகிற மாதிரித்தான் இருக்கும். சடங்கு எங்கேயும் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாது. ஆங்கிலத்தில் செய்வார்கள். இரண்டு சாட்சி தேவை. ஆள் இல்லையென்றால் நகராட்சியிடம் கேளுங்கள், ஊழியர்களையே நிறுத்துவார்கள்.

பதில் 2

மேலே சொன்னதோட ரெண்டு மூணு சேர்த்துக்கோங்க.

ஊரில் ஏற்கெனவே தாலி கட்டியாச்சா? இந்து திருமணச் சட்டப்படி சடங்கு முறையா நடந்திருந்தா பதிவு செய்யாட்டியும் அது கல்யாணம்தான். விண்ணப்பத்தில் "மணமாகாதவர்"னு போட்டா பொய்யாயிடும். அப்படின்னா டென்மார்க் வேண்டாம், ஊர்க் கல்யாணத்தையே பதிவு பண்ணி அந்தச் சான்றைப் பயன்படுத்துங்க. இன்னும் ஆகலைன்னா டென்மார்க் தேதிதான் சட்டப்படி கல்யாணத் தேதி. அப்புறம் ஊரில் மண்டபத்தில் எவ்வளவு விமரிசையா வேணும்னாலும் செய்யுங்க, ஆனா அங்கே மறுபடி பதிவு பண்ணாதீங்க. ரெண்டு சான்று, ரெண்டு தேதி இருந்தா விசாவிலும் பாஸ்போர்ட்டிலும் பதில் சொல்லியே ஓய்ஞ்சுடுவீங்க.

பேர் விஷயம் நமக்குத்தான் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியா இருந்தா அதை அப்படியே தெரிவிங்க. அப்பா பேரை நீங்களா அங்கே போடாதீங்க. பிறந்த ஊரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல்படியே: அதில் திருச்சிராப்பள்ளின்னா திருச்சின்னு எழுதாதீங்க. சான்றிதழ் கையில் வந்ததும் படம் எடுக்கிறதுக்கு முன்னாடி அங்கேயே நின்னு எழுத்தெழுத்தா படிச்சுப் பாருங்க. திருத்தம் அப்போ சுலபம். ஹாம்பர்க் வந்த பிறகு மின்னஞ்சலில் கெஞ்சணும்.

அவரோட படிப்பு அனுமதி புதுப்பித்தலில் இருக்கான்னு பாருங்க. கையில் ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் (விண்ணப்பம் முடிவாகும் வரை தர்ற தற்காலிகச் சான்று) மட்டும்தான்னா, அது ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81(4) பிரிவுல கொடுத்ததான்னு பாருங்க. 81(3)னா அதை வெச்சு ஜெர்மனிக்குத் திரும்ப வர முடியாது. எல்லையில் சோதனை இருக்கு, பாஸ்போர்ட்டும் அட்டையும் கைப்பையில் இருக்கட்டும்.

பதில் 3

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: துணை ஷெங்கன் சுற்றுலா விசாவில் வந்திருந்தால் கணக்கே வேறு. டென்மார்க்கில் மணந்து ஜெர்மனிக்குள் திரும்ப நுழைந்தபின் இங்கேயே துணைக்கான அனுமதி கேட்கலாம் என்று முகவர்கள் சொல்வதுண்டு. மணத்தால் வரும் உரிமை உருவானது கடைசி நுழைவுக்கு முன் என்பதால் அந்தச் சலுகை பொருந்தாது என்று ஜெர்மன் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. ஊருக்குப் போய் தேசிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்று வைத்தே திட்டமிடுங்கள்.

சான்றிதழ் டேனிஷ், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என ஐந்து மொழியில் வரும், ஜெர்மனியில் மொழிபெயர்ப்பு வேண்டாம். 2019 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் அப்போஸ்டிலும் சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் டேனிஷ் வெளியுறவு அமைச்சகத்தில் ஒன்று வாங்கிவிடுங்கள்: இந்தியப் பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் சேர்க்கும்போது கைகொடுக்கும். திரும்பியதும் ப்யூர்கர்ஆம்ட்டில் (முகவரி பதியும் நகர அலுவலகம்) மணமானதைப் பதியுங்கள். வரி வகுப்பு அதையொட்டித்தான் மாறும்.