ஆமை எதையுமே சாப்பிடவில்லை, அவசரமா உதவி வேணும்

கவி_தலவாக்கலை
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பெட்டி ஆமை ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளாக எதையும் வாயில் வைக்கவில்லை. சோறு, பாண், கோவா இலை எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. கண்ணை மூடிக்கொண்டே கிடக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்? தங்கச்சி அழுதுகொண்டே இருக்கிறாள். சீக்கிரம் சொல்லுங்க.

மாத்தளை_மீன்தொட்டி
தம்பி, எவ்வளவு பெரிய ஆமை? தண்ணீரிலா, தரையிலா வைத்திருக்கிறீங்க? எங்கே கிடைத்தது? ஒரு படம் போடுங்க.

பண்டாரவளை_ராஜி
கால்சியம் குறைவுதான். பறவைத் தீனி விற்கும் கடையில் கணவாய் ஓடு கிடைக்கும், தூளாக்கித் தீனியில் தூவுங்க. இதனாலும் ஆமைக்கு வருத்தம் வரும்.

ஊர்வன_ஆசான்
சாப்பிடாத ஆமைக்கு எந்தத் தீனியில் தூவுவது? முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கைக்கு உரிய ஆமைகளில் கடலாமை 5 வகை, அவற்றை விட்டால் 3 வகை: பாலாமை, கறுப்பு ஆமை, நட்சத்திர ஆமை. பெட்டி ஆமை வட அமெரிக்காவிலும் ஆசியாவின் வேறு பகுதிகளிலும் வாழ்வது. இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்காமல் வந்து கேட்கிறார்கள்.

கவி_தலவாக்கலை
படம் ஏறமாட்டேங்குது, சிக்னல் இல்லை. சப்பாத்துப் பெட்டியில் கடதாசி விரித்து வைத்திருக்கிறோம். மாமா மஹியங்கனை வயலில் பிடித்துக் கொண்டுவந்தது. தொட்டால் கதவு மாதிரி மூடிக்கொள்ளும், அதனால்தான் பெட்டி ஆமை என்றார்.

ஹட்டன்_செல்வி
தம்பி, நான் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. முதலில் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய் விடுங்க.

பண்டாரவளை_ராஜி
அக்கா, கூர்மாவதாரம் எடுத்த பெருமாளைக் கும்பிடுகிற நாம் இப்படிச் சொல்லலாமா? எங்கள் வீட்டில் வருசக்கணக்கா ஆமை இருந்தது, ஒரு கெடுதலும் வரவில்லை.

ஹட்டன்_செல்வி
கோயிலில் இருப்பது வேறு, வீட்டுக்குள் வருவது வேறு ராஜி. நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

மாத்தளை_மீன்தொட்டி
அதைப் பிறகு பேசுவோமே, அங்கே ஒரு உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. கவி, கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்க: ஓடு கல் மாதிரி கெட்டியா, தோல் மாதிரியா? மூக்கு எப்படி? ஒரு காலில் எத்தனை நகம்?

கவி_தலவாக்கலை
மேலே தோல் மாதிரி வழவழப்பு, அடியில் வெள்ளை. மூக்கு குழாய் மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கு, நுனியில் ரெண்டு ஓட்டை. நகம் மூன்று. அடியில் பின்பக்கம் ரெண்டு மடல் இருக்கு, காலை உள்ளே இழுத்ததும் அது மூடுது. மூக்கில் குமிழி வருது அண்ணே.

மாத்தளை_மீன்தொட்டி
அப்போ சந்தேகமே இல்லை, பாலாமை. பெட்டி ஆமைக்கு மேலோடு கெட்டியாகக் குவிந்திருக்கும், அடியோட்டின் குறுக்கே கீல் மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், முன்னும் பின்னும் மூடும். பாலாமையில் பின்காலை மூடுவது அந்தத் தோல் மடல்கள்தான். நகம் மூன்று என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இது குளத்துச் சேற்றில் புதைந்து கிடக்கிற சாதி. காய்ந்த கடதாசியில் இதன் தோல் வறண்டுபோகும். தலவாக்கலை 1,200 மீற்றர் உயரம், மஹியங்கனைச் சூட்டில் இருந்த உடம்பு இந்தக் குளிரில் எப்படித் தாங்கும்? ஆமைக்குச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். உடம்பு குளிர்ந்தால் சமிபாடு நின்றுபோகும், அதனால் வாயைத் திறந்து எதையும் திணிக்க வேண்டாம். குமிழி வருவதைப் பார்த்தால் நெஞ்சில் சளி பிடித்திருக்கும் போல. வீட்டில் இருக்கிற மாத்திரையைக் கரைத்து ஊற்றிவிடாதீங்க.

இன்றைக்கு இதைச் செய்யுங்க. அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், நின்றபடியே மூக்கு வெளியே எட்டுகிற அளவுக்கு மட்டும். ஒரு பக்கம் ஏறி இருக்க கூரை ஓடு அல்லது கல். பேசினை வீட்டில் சூடான இடத்தில் வையுங்க, அடுப்புக்கு மேலே வேண்டாம். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், ஆமையிலிருந்து சல்மொனெல்லாக் கிருமி தொற்றும். தங்கச்சியிடமும் சொல்லுங்க.

நானுஓயா_குமார்
மேல் கொத்மலை நீர்த்தேக்கம் பக்கத்தில்தானே, அதில் விட்டால் என்ன?

மாத்தளை_மீன்தொட்டி
வேண்டாம் குமார். அந்தக் குளிர்த் தண்ணீரில், அதுவும் சளியோடு, தாங்காது.

ஊர்வன_ஆசான்
முக்கியமானதை யாரும் சொல்லவில்லை. பாலாமை பாதுகாக்கப்பட்ட உயிரினம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பது குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அழைத்து ஒப்படையுங்கள்.

கவி_தலவாக்கலை
போலீஸ் பிரச்சினை வருமா? மாமா பயப்படுகிறார்.

பண்டாரவளை_ராஜி
ஆசான் சொன்ன விதம் கடுமை, ஆனால் விசயம் சரி. நீங்களாகவே கூப்பிட்டு, வருத்தமாக இருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்க என்று சொல்லுங்க தம்பி. மறைத்து வைத்து அது செத்துப்போனால்தான் மனசு ஆறாது.

ஹட்டன்_செல்வி
அதைத்தானே நானும் முதலில் சொன்னேன், வீட்டில் வைக்க வேண்டாம் என்று.

கவி_தலவாக்கலை
போன் பண்ணினோம். வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், மாமாவை ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரில் வைத்த பிறகு கண்ணைத் திறந்தது. எல்லாருக்கும் நன்றி.