பிள்ளை வேலூரில், நீங்கள் இங்கே: டிசம்பர் நேர்காணலுக்கு எப்படித் தயார் செய்வது?

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இதே நிலைமைதான். அப்பா அம்மா இங்கே. பிளஸ் டூ முடியட்டும் என்று பிள்ளை சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ தாத்தா பாட்டியுடன். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் விண்ணப்பம் அக்டோபர் 15-க்குள் போய்விட்டது, இனி நேர்காணல்தான். "என்ன கேப்பாங்க அக்கா, கேள்வி லிஸ்ட் இருந்தா அனுப்புங்க" என்று கேட்கிறீர்கள். லிஸ்ட் அனுப்பப் போவதில்லை. அது பிள்ளைக்குக் கெடுதல் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

நமக்குப் பழக்கமானது வைவா. கேள்வி வரும், பதில் தெரிந்தால் மார்க். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பிள்ளைக்குத் தெரியாத ஒன்றை வேண்டுமென்றே எடுத்து வைப்பார்கள். நேர்காணல் நடத்துகிற ஆசிரியர்களே பின்னால் ஒருவர் இருவராக உட்காரவைத்துப் பாடம் நடத்தப் போகிறவர்கள். இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளுமா, மேலே யோசிக்குமா என்பதைத்தான் அந்த அரை மணி நேரத்தில் பார்க்கிறார்கள்.

நம் பிள்ளைகள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். பெரியவர்கள் கேட்டால், சரியான பதில் தெரிந்தால் மட்டும் வாயைத் திற என்று வளர்த்திருக்கிறோம். பிள்ளை மரியாதையாக மௌனமாக இருக்கும், மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? "இது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, இங்கிருந்து தொடங்கிப் பார்க்கிறேன்" என்று சொல்லப் பழக்குங்கள். நடுவில் அவர் குறுக்கிட்டு ஒரு குறிப்புக் கொடுத்தால், நாம் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று முகம் வாடக் கூடாது. அந்தக் குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்பு சொன்னதைத் தயங்காமல் மாற்றிக்கொள்ளும் பிள்ளையைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.

இதற்குப் பயிற்சி உங்கள் தினசரி வீடியோ காலிலேயே முடியும். "சாப்டியா, படிச்சியா" முடிந்ததும் பத்து நிமிஷம் ஒரே ஒரு விஷயத்தைப் பேசுங்கள். முதலில் தமிழிலேயே பேசட்டும். யோசனை ஓடத் தொடங்கியதும் ஆங்கிலத்துக்கு மாறலாம். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நிதானமாகப் பேசினால் போதும்.

எதைப் பேசுவது? பாலாற்றைப் பேசுங்கள். நம் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. சட்டம் படிக்க விரும்பும் பெண்ணா? பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியாவின் சட்டத்தில் அடங்கியவை என்று நீதிமன்றம் சொன்னது. வட ஆற்காடு உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இப்போது கேளுங்கள்: சின்னத் தொழிற்சாலைக்கும் பெரிய தொழிற்சாலைக்கும் ஒரே அபராதம் நியாயமா? ஆலையை மூடினால் ஆம்பூரில், வாணியம்பாடியில் வேலை இழப்பவருக்கு யார் பொறுப்பு? பிள்ளை ஒரு பக்கம் பேசினால் நீங்கள் மறு பக்கம் பேசுங்கள். அப்பாவை எதிர்த்து வாதாடட்டும், விடுங்கள்.

வேதியியல் என்றால் அதே ஆறு, வேறு கேள்வி. குரோமிய உப்பு தோலை எப்படிப் பதப்படுத்துகிறது? மூன்று இணைதிறன் குரோமியத்தைவிட ஆறு இணைதிறன் குரோமியம் ஏன் அவ்வளவு நச்சு? ராணிப்பேட்டையில் ஆலை மூடிய பிறகும் பல வருடம் குவிந்து கிடந்த குரோமியக் கழிவை நினைத்துக்கொண்டு இதைப் பேசும் பிள்ளையின் குரலே வேறு மாதிரி இருக்கும். இயற்பியல்காரர்களுக்கு ஜவ்வாது மலை. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைக்க ஏன் இவ்வளவு தெற்கே ஓர் இடம் தேடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தென்வானம் பற்றிய பேச்சு தானாக வரும்.

நம் ஊரிலிருந்து அங்கே போவது புதிதும் இல்லை. ஊரீசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் 1936-லேயே ஆக்ஸ்போர்டில் பேராசிரியர். பிள்ளை பயந்தால் இதைச் சொல்லுங்கள்.

மருத்துவம் தனி ரகம். இங்கே பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் ஐந்தாறு நிமிடச் சுற்றுகளாக, ஒவ்வொன்றிலும் வேறு ஒருவர் பார்ப்பார். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை. கெட்ட செய்தியைச் சொல்வது, கோபமாக இருப்பவரிடம் பேசுவது என்று நடிக்கவும் வைப்பார்கள். பாட்டியுடன் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவில் காத்திருந்த பிள்ளை நிறையப் பார்த்திருக்கும். வங்காளத்திலிருந்து வந்து, மொழி தெரியாமல் சீட்டைக் கையில் பிடித்து நிற்பவருக்கு யார், எப்படிப் புரியவைத்தார்கள் என்று யோசிக்கச் சொல்லுங்கள். "மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்ற மனப்பாட வரியைவிட அந்த ஒரு காட்சி ஆயிரம் மடங்கு மேல்.

அமெரிக்காவுக்கும் போட்டிருந்தால், அங்கே பெரும்பாலும் பழைய மாணவர் ஒருவருடன் உரையாடல்தான். மார்க் விவரம் பொதுவாக அவர் கையில் இருக்காது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டைப் பிள்ளை வைத்திருக்கட்டும், மறுநாள் நன்றி சொல்லி மின்னஞ்சல் போடட்டும்.

விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் கேள்வியாக வரலாம். படிக்காத புத்தகத்தின் பெயரை எழுதியிருந்தால் இப்போதே படித்துவிட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு மனப்பாடப் பதில் தரும் பயிற்சி மையங்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அந்தப் பதில்கள் முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் பிள்ளையின் சொந்தக் குரலையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

இனி வீட்டு ஏற்பாடு. டிசம்பரில் இங்கே காலை 9 மணி என்றால் அங்கே மதியம் 2.30. பாஸ்டனில் இரவு 7 என்றால் வேலூரில் மறுநாள் விடியற்காலை 5.30, அதுவும் மார்கழி பிறந்துவிட்டால் கோயில் ஒலிபெருக்கி நேரம், தெருவைப் பார்க்காத அறையாகத் தேர்ந்தெடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே தாத்தா விசாரிக்கட்டும். இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடினால் போதாது, மோடமும் அதில் இருக்க வேண்டும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஆக்ஸ்போர்டில் சில பாடங்களுக்குத் திரையில் எழுத ஸ்டைலஸ் தேவைப்படும், அழைப்பில் சொல்லியிருப்பார்கள். இணைப்பு அறுந்தால் யாருக்குத் தகவல் சொல்வது என்பதும் அதிலேயே இருக்கும். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். பாட்டி நடுவில் காபி கொண்டு வரக் கூடாது என்பதை அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் "நல்லா பண்ணியா" என்று கேட்காதீர்கள். "என்ன பேசினீங்க" என்று கேளுங்கள், சொல்லச் சொல்லப் பிள்ளைக்கே மனசு லேசாகும். ஆக்ஸ்போர்டு முடிவு ஜனவரியில் வரும். கிடைத்தாலும் பிளஸ் டூ மார்க் இவ்வளவு வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் இடம் தருவார்கள். அதனால் நேர்காணலுக்கு மறுநாளே பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், செய்முறைத் தேர்வுக்கு நாள் அதிகம் இருக்காது.