செடிக்குச் செய்த எல்ஈடி லைட் 20 நிமிசத்தில நூருது, உதவி தேவை!!

கொச்சிக்கன்று:
வணக்கம். வெள்ளவத்தையில ஃபிளாட். முன்னுக்குப் புதுக் கட்டடம் எழும்பினதோட பல்கனிக்கு வெயிலே இல்லை. கொச்சிக்காய் நாத்து நூல் மாதிரி நீண்டு கண்ணாடிப் பக்கம் சாயுது. அதுதான் எல்ஈடி லைட் ஒண்டு நானே செய்தனான். போட்டவுடன நல்லா எரியுது, 20 நிமிசத்தில நூந்து நூந்து எரியத் தொடங்குது. என்ன பிழை? கெதியாச் சொல்லுங்கோ.

மல்டிமீட்டர்:
எத்தனை எல்ஈடி, எத்தனை வாட்? தொடரா, சமாந்தரமா? டிரைவரில (எல்ஈடிக்கு அளவான கரண்ட் குடுக்கிற பெட்டி) என்ன எழுதியிருக்கு? எல்லாம் ஒண்டா நூருதா, ஒண்டிரண்டு மட்டுமா?

தெஹிவளை நானா:
அடப்டர்தான். பழைய ரவுட்டர் அடப்டர் 12 வோல்ட்ல போட்டிருப்பீங்க. எனக்கும் அப்படித்தான் நடந்திச்சி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல நல்ல அடப்டர் வாங்கிப் போடுங்க, சரியாகும்.

ஓம்விதி:
அடப்டர் என்று யார் சொன்னது? கேள்வி கேட்பவர் வயரிங் படம் ஒன்றாவது போட வேண்டும். இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதிவிட்டேன். ஒருவரும் தேடி வாசிப்பதில்லை.

கொச்சிக்கன்று:
மன்னிக்கோணும், அவசரத்தில எழுதினது. 3 வாட் எல்ஈடி 10. சிவப்பு 6, நீலம் 4. எல்லாம் ஒரே தொடர். அடப்டர் இல்லை நானா, டிரைவர்தான்: 600 மில்லிஅம்பியர், 20–38 வோல்ட் எண்டு இருக்கு. அலுமினியத் தகட்டில பூட்டியிருக்கு. பத்தும் ஒண்டாத்தான் நூருது. அரை மணித்தியாலம் விட்டுப் போட்டா திரும்ப எரியுது.

ஓம்விதி:
இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சிவப்பு ஏறக்குறைய 2.2 வோல்ட், ஆறுக்கு 13.2. நீலம் 3.3, நாலுக்கு 13.2. கூட்டினால் 26.4. டிரைவரின் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆகவே டிரைவர் சூடாகித் தன்னைத்தானே நிறுத்துகிறது. டிரைவரை மாற்றுங்கள்.

பச்சைக்கை:
தங்கச்சியோ தம்பியோ தெரியேல்ல, ஒண்டு சொல்லுறன். ஏன் இந்தச் சிவப்பும் நீலமும் கலந்த ஊதா வெளிச்சம்? 4000 கெல்வின் எண்ட நிற அளவில வாற வெள்ளை எல்ஈடியே கொச்சிக்குப் போதும். வெள்ளையும் உள்ளுக்கு நீலச் சிப்தான், மேல நிறம் மாத்திற மஞ்சள் பொஸ்பர் பூசியிருக்கு. ஊதாவில இலை கறுப்பாத் தெரியும், பேன் பிடிச்சாலும் கண்டுபிடிக்கேலாது.

ஓம்விதி:
செடி பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் இலை பச்சை. ஓ/எல் விஞ்ஞானம். சிவப்பும் நீலமும் போதும்.

பச்சைக்கை:
பாடப்புத்தகத்தோட நிக்காதேங்கோ அண்ணை. 1972இல மக்கிரீ எண்டவர் பயிர் இலைகளை நிறம் நிறமா அளந்து, பச்சை ஒளியையும் இலை ஒளித்தொகுப்புக்கு எடுக்குது எண்டு காட்டிப்போட்டார். சிவப்பும் நீலமும் இலையின்ர மேற்பரப்பிலயே பெரும்பாலும் உறிஞ்சப்படும், பச்சைதான் ஆழத்துக்கு இறங்கும்.

தெஹிவளை நானா:
எந்த நிறமா இருந்தாலும் கரண்ட் பில்லையும் பாருங்க. 30 வாட், 14 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 0.42 யூனிட். மாசத்துக்கு 12க்கு மேல. வீட்டு மொத்தம் 90 யூனிட் தாண்டினா கட்டணம் கூடின அடுத்த படிக்குப் போயிடும்.

மல்டிமீட்டர்:
நானா, அது 30 வாட் இல்லை. 26.4ஐ 0.6ஆல பெருக்குங்கோ, 16 வாட் கூட வராது. டிரைவர் இழப்போட 20 எண்டு வைச்சாலும் மாசத்துக்கு எட்டரை யூனிட் அளவுதான்.

கொச்சிக்கன்று, டிரைவரை உடன மாத்தாதேங்கோ, காசு வீண். தொடரில ஒரு எல்ஈடி சூட்டில உள்ளுக்கு அறுந்தாலும் பத்தும் ஒண்டாத்தான் நூரும், ஆறினாத் திரும்ப ஒட்டும். நூந்து கிடக்கிற நேரம் டிரைவர் வெளிமுனையில டிசி வோல்ட் பாருங்கோ. 26க்குக் கிட்ட நிண்டது 38ஐ நோக்கி ஏறினா எல்ஈடி அறுந்திருக்கு. கீழ விழுந்தா டிரைவர். ஏறினா ஒவ்வொரு எல்ஈடியிலயும் தனித்தனியா அளவுங்கோ, மற்றதுகளை விட மிச்சம் கூட வோல்ட் காட்டுறதுதான் கள்ளன். 230 வோல்ட் பக்கம் கை வைக்க வேண்டாம். அதோட, தகட்டில என்னத்தால ஒட்டினீங்கள்?

கொச்சிக்கன்று:
டபுள் டேப். அந்த மொத்த வெள்ளைப் பஞ்சு டேப்.

மல்டிமீட்டர்:
அய்யோ, அது பஞ்சு. சூடு தகட்டுக்கு இறங்க விடாது. எல்ஈடிக்குப் போர்வை போத்தின மாதிரி. தகட்டைத் தொட்டா குளிரா இருந்திருக்குமே?

கொச்சிக்கன்று:
ஓம், குளிராத்தான் இருந்தது. நல்லது எண்டு நினைச்சன்.

மல்டிமீட்டர்:
தகடு சூடாகோணும். அப்பதான் எல்ஈடி ஆறும். கழட்டி, கீழ மெல்லிசா தேர்மல் பேஸ்ட் (சூடு கடத்துற பசை) பூசி, ரெண்டு ஸ்க்ரூ ஆணி போட்டு இறுக்குங்கோ. வயர் முனை தகட்டில முட்டக்கூடாது.

ஓம்விதி:
நான் வெப்பம் என்று முதலிலேயே சொன்னேன்.

மல்டிமீட்டர்:
டிரைவர் எண்டு சொன்னீங்கள் அண்ணை.

(3 நாள் கழிச்சு)

கொச்சிக்கன்று:
வோல்ட் 40 வரைக்கும் ஏறினது. கள்ளன் மூண்டாவது சிவப்பு. டேப்பை உரிக்கேக்க அந்த இடம் மட்டும் பழுப்பாகி, டொபி மாதிரி இழுபட்டது. எல்ஈடிக்குள்ள மயிர் அளவு கறுப்புப் புள்ளி. அதை மாத்தி, பேஸ்ட் போட்டு இறுக்கினன். இப்ப தகடு கை பொறுக்கிற சூடு, நேற்று 6 மணித்தியாலம் நூரவே இல்லை. நன்றி எல்லாருக்கும்.

பச்சைக்கை:
சந்தோசம். தகட்டுக்கு எர்த் குடுத்தனீங்களோ? செடிக்குத் தண்ணி தெளிக்கிற இடம், ட்ரிப் சுவிச்சும் (கரண்ட் கசிஞ்சா உடன நிப்பாட்டுறது) வேலை செய்யுதோ எண்டு டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கோ.

பச்சைக்கை:
கொச்சிக்கன்று, எர்த் என்னமாதிரி?