மகன் தட்டைக் கழுவினால் பாட்டிக்குக் கோபம், என்ன செய்யலாம்?

தஞ்சை அம்மா:
மகளுக்கு 13 வயது, மகனுக்கு 11. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்கிறாள், வாசல் தெளிக்கிறாள், ராத்திரி பாத்திரத்திலும் கை வைக்கிறாள். மகன் சாப்பிட்ட தட்டைப் போட்டது போட்டபடி எழுந்து போகிறான். போன வாரம் கழுவச் சொன்னதும் மாமியார் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு, "ஆம்பளப் பிள்ளைய பத்துப் பாத்திரம் தேய்க்க விடுறியே"ன்னு ஒரே சத்தம். கணவர் வாயே திறக்கவில்லை. வேலைக்கு இவ்வளவு என்று ரெண்டு பேருக்கும் பாக்கெட் மணி கொடுத்துப் பழக்கலாமா?

கரிசல்காடு:
காசு வேண்டாங்க. கையில் காசு இருக்கிற அன்றைக்கு மகன் எனக்கு வேண்டாம் என்று போய்விடுவான், மகளால் அப்படிப் போக முடியாது, அந்த வேலையும் அவள் தலையிலேயே விழும். முதலில் மகளின் வேலையைப் பாதியாகக் குறையுங்கள், எல்லாரும் மகனைப் பழக்குவதையே பேசுகிறோம், அவள் விளையாடப் போகிற நேரத்தை யாரும் பேசுவதில்லை. அப்புறம் அவனவன் தட்டு, அவனவன் டிபன் பாக்ஸ். மூடியில் இருக்கும் ரப்பரைக் கழற்றிக் கழுவக் காட்டிக்கொடுங்கள், இல்லையென்றால் தயிர்சாத வாடை போகாது. எங்கள் வீட்டில் பையன் அதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் சாப்பாட்டை மிச்சம் வைத்துக் கொண்டுவருவதை நிறுத்தினான்.

வைகைக்கரை:
மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டிருக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அன்றைக்கு வீட்டு வேலை என்று ஏதாவது செய்திருக்கிறார்கள், பெண்களில் 81 பேர். இந்த வேலைக்கு மதிப்பு இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது: கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2024-ல் கேரளா மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் அப்பா சமையலறையில் தேங்காய் துருவுகிற மாதிரி படம் போட்டார்கள். நம் புத்தகங்களிலும் அப்படி வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

தஞ்சை அம்மா:
காசு யோசனையை விட்டுவிட்டேன். மாமியாரை எப்படிச் சமாளிப்பது?

பொன்னி:
அக்கா, மாமியாரிடம் வாதாட வேண்டாம், அவங்க காலத்தில் அவங்களுக்கு யாரும் ஒரு டம்ளர்கூடக் கழுவிக் கொடுத்திருக்க மாட்டாங்க. உங்கள் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகட்டும், மகன் பின்னாலேயே வருவான். பாட்டி சத்தம் போட்டால் பதில் சொல்ல வேண்டியது அவங்க மகன்தான், நீங்கள் இல்லை.