ஆயா (அப்பாவின் அம்மா) காரியம்: குடும்பக் குழு

7 செப்டம்பர் 2025, ஞாயிறு

மாலை 6:12 துபாய் சித்தப்பா: அண்ணா, நேற்றிலிருந்து இங்கே நெட் இழுக்கிறது. இப்போது தேவிக்கு வீடியோ போட்டுப் பார்த்தேன், முகம் அப்படியே நின்றுவிடுகிறது. நாளைக்கு அம்மா காரியத்தை எப்படிப் பார்ப்பேன்?

6:15 அப்பா: ஐயர் 7 மணிக்கு வந்துவிடுவார். நிறுத்தி வைக்க முடியாது

6:16 துபாய் சித்தப்பா: நிறுத்தச் சொல்லவில்லை அண்ணா. இங்கே அப்போது ஐந்தரை. விழித்திருப்பேன்

6:18 அம்மா: வாழை இலை 200 சொல்லியிருக்கிறேன். போதுமா?

6:21 பென்னாகரம் அத்தை: *பலமுறை பகிரப்பட்டது* 🚨அவசரம்🚨 கடலுக்கடியில் எல்லா கேபிளையும் வெட்டிவிட்டார்கள்!! 15 நாள் உலகம் முழுக்க நெட் கிடையாது. இன்றே ஏடிஎம்மில் பணம் எடுத்து வையுங்கள். கிரகணத்தன்று இது நடப்பது சும்மா இல்லை. அனைவருக்கும் பகிரவும் 🙏

6:22 காரிமங்கலம் தாத்தா: கிரகணம் எத்தனை மணிக்கு

6:23 அம்மா: 9:57க்குப் பிடிக்கிறது. அதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்

6:24 சதீஷ் (பென்னாகரம் அத்தை மகன்): அம்மா, அதை யாருக்கும் அனுப்பாதே. வேலையில் இருக்கிறேன், வந்து எழுதுகிறேன்

6:24 பென்னாகரம் அத்தை: மூன்று குழுவில் போட்டுவிட்டேனே

6:41 சதீஷ்: சின்ன மாமா, கேபிள் அறுந்தது உண்மை. செங்கடலில், ஜெட்டா பக்கம். எஸ்.எம்.டபிள்யூ.4, ஐ.எம்.இ.டபிள்யூ.இ. என்று இரண்டு. நம் நாட்டையும் வளைகுடாவையும் ஐரோப்பாவோடு சேர்ப்பவை. "எல்லா கேபிளும்" என்பது பொய், "15 நாள் நெட் இல்லை" என்பதும் பொய். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் அத்தனை வண்டியும் சுற்று ரோட்டில் ஏறி நகராமல் நிற்குமே, அந்த மாதிரி நெரிசல்தான் இது. வழி அடைபடவில்லை.

6:43 அப்பா: வெட்டியது யார்?

6:52 சதீஷ்: இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை மாமா. ஆனால் உலகத்தில் வருடத்துக்கு 150, 200 முறை இப்படி அறுகிறது. முக்கால்வாசி மீன்பிடி வலையாலும் நங்கூரத்தாலும்தான். ஆழ்கடலில் அந்தக் கேபிள் நம் தோட்டத்து ஹோஸ் குழாய் கனம்தான் இருக்கும், உள்ளே தலைமுடி மாதிரி கண்ணாடி இழை. கரைப்பக்கம்தான் இரும்புக் கம்பி சுற்றி மண்ணில் புதைப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் ஒரு கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போனால், ஏர்க்கொழு வேரை அறுக்கிற மாதிரி அறுத்துவிடும். போன வருடம் பிப்ரவரியில் இதே செங்கடலில் ரூபிமார் என்ற கப்பலில் ஏவுகணை பட்டது. அது மிதந்து போனபோது அதன் நங்கூரம் இழுத்துத்தான் மூன்று கேபிள் அறுந்தது என்றார்கள். 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா பக்கம் அறுந்தபோது நம் நாட்டின் நெட் பாதியாகக் குறைந்தது. 2006இல் தைவானில் நிலநடுக்கத்தால் போனது. சண்டையும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்தவுடனே சதி என்று பரப்பக் கூடாது.

6:53 பென்னாகரம் அத்தை: சுறா கடிக்கும் என்று டிவியில் காட்டினார்களே

6:54 சதீஷ்: கடித்ததுண்டு. நூற்றில் ஒன்றுகூட வராது

6:55 அம்மா: ஆயாவுக்குப் படையலில் களி, மொச்சைக் குழம்பு இருக்கிறது. நிப்பட்டு யார் வாங்கி வருவது?

6:57 துபாய் சித்தப்பா: மாப்ள, நாளைக்குள் சரியாகுமா?

7:06 சதீஷ்: ஆகாது மாமா. உங்களிடம் பொய் சொல்ல மனது வரவில்லை. கரையிலிருந்து ஒளியைச் செலுத்தி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஹைவேயில் ஜேசிபி எங்கள் கேபிளை அறுத்தால் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அங்கே கப்பல் போக வேண்டும், அந்தக் கடலுக்கு அனுமதி வாங்க வேண்டும், கொக்கி போட்டு இரண்டு முனையையும் மேலே இழுத்து, இழை இழையாக ஒட்டி மறுபடி இறக்க வேண்டும். வாரக்கணக்கு ஆகும். 2022இல் எரிமலை வெடித்து டோங்கா தீவின் ஒரே கேபிள் அறுந்தது, ஐந்து வாரம் ஆனது. நமக்குச் சென்னையிலும் மும்பையிலும் பல கேபிள் இருப்பதால் இந்த அளவோடு போயிற்று.

7:09 அப்பா: கொள்ளிக்கும் வரவில்லை. காரியத்துக்கும் இல்லை. தோப்புக் கணக்கு பேச மட்டும் நெட் வருகிறது

7:10 துபாய் சித்தப்பா: பாஸ்போர்ட் கம்பெனியில் மாட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும் அண்ணா

7:10 பென்னாகரம் அத்தை: இப்போது அந்தப் பேச்சு வேண்டாம்

7:11 காரிமங்கலம் தாத்தா: அக்கா போய் இன்னும் 16 நாள் ஆகவில்லை

7:15 சதீஷ்: சின்ன மாமா, வீடியோவை விட்டுவிடுங்கள். குரலை மட்டும் போடுவோம், அதற்கு நெட் கொஞ்சம் போதும். ஆயாவுக்குக் கடைசி இரண்டு வருடம் கண் தெரியவில்லை. உங்கள் குரலை வைத்துத்தானே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காத்திருந்தார்

7:22 துபாய் சித்தப்பா: சரி மாப்ள

7:23 நான்: நான் படம் பிடித்துச் சின்னச் சின்னத் துண்டாக அனுப்புகிறேன் சித்தப்பா. வருகிறபோது வரட்டும்

7:25 அம்மா: நிப்பட்டு??

8 செப்டம்பர் 2025, திங்கள்

காலை 7:04 துபாய் சித்தப்பா: குரல் கேட்கிறது. போனை அண்ணன் பக்கத்தில் வை தேவி

7:31 துபாய் சித்தப்பா: சங்குச் சத்தம் கேட்டது

9:48 அப்பா: உன் பேரையும் சொல்லித்தான் எள்ளும் தண்ணீரும் விட்டேன். கேட்டதா?

9:48 துபாய் சித்தப்பா: கேட்டது அண்ணா

10:20 பென்னாகரம் அத்தை: காக்கா உடனே வந்து எடுத்தது. நிப்பட்டைத்தான் முதலில் எடுத்தது

10 செப்டம்பர் 2025, புதன்

இரவு 8:30 சதீஷ்: பெரிய மாமா, வெட்டியது யார் என்று கேட்டீர்கள். கேபிள் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு சொல்லியிருக்கிறது: சரக்குக் கப்பலின் நங்கூரம் இழுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று. அம்மா, இதையும் அந்த மூன்று குழுவில் போடு

8:34 பென்னாகரம் அத்தை: போட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை

8:41 அப்பா: பொங்கலுக்கு வருகிறாயா. தோப்பு விஷயம் நேரில் பேசலாம்

8:50 துபாய் சித்தப்பா: லீவு கேட்டிருக்கிறேன் அண்ணா. நீங்கள் தண்ணீர் விடும் வீடியோ இப்போதுதான் முழுதாக வந்தது

8:52 அம்மா: இலை 40 மிச்சம் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?