முன் பிரேக் பேடு உள்பக்கம் மட்டும் இரும்பு வரைக்கும் தேய்ஞ்சு போயிருக்கு, டிஸ்க்கும் மாத்தணுமா?

நாலுசக்கரவாசி:
வணக்கம் மக்களே. ஒரு வாரமா பிரேக் புடிச்சா முன்னாடி இடது பக்கத்துல இருந்து கர்ர்ர்ருனு ஒரு சத்தம், அம்மிக்கல்லைத் தரையில போட்டு இழுக்குற மாதிரி. உண்மையைச் சொல்லணும்னா அதுக்கு முன்னாடி ஒரு மாசமாவே கீச்சுனு ஒரு விசில் சத்தம் வந்துட்டு இருந்துச்சு, தூசியா இருக்கும்னு நினைச்சு ரேடியோவை சத்தமா வச்சுட்டு ஓட்டிட்டேன், திட்டாதீங்க. இன்னைக்கு வீலைக் கழட்டிப் பாத்தா வெளிப்பக்க பேடுல லைனிங் இன்னும் 6 மி.மீ. இருக்கு, உள்பக்க பேடுல லைனிங்கே இல்ல, பின்னாடி இருக்குற இரும்புத் தகடுதான் நேரா டிஸ்க்குல உரசிட்டு இருக்கு. டிஸ்க்கோட உள்பக்கத்தை விரலால தடவிப் பாத்தேன், உழுது போட்ட வயல் மாதிரி கோடு கோடா இருக்கு. வலது பக்கம் ரெண்டு பேடும் சமமா 5 மி.மீ. இருக்கு. வண்டிக்கு 8 வயசு. இடது பக்கம் பேடு மட்டும் மாத்தினா போதுமா? டிஸ்க் என்ன பண்ணணும்? இன்ஜின் ஆயில், ஃபில்டர், பேட்டரி எல்லாம் நானே மாத்துவேன், பிரேக்ல மட்டும் இதுவரைக்கும் கை வச்சதில்ல (கிட்டத்தட்ட).

வேகம்குறை:
ப்ரோ இடது பக்கம் பேடு மட்டும் மாத்திட்டு ஓட்டுங்க, புது பேடு தேய்க்கத் தேய்க்க டிஸ்க் தானா பாலிஷ் ஆயிடும். என் மச்சான் அப்படித்தான் பண்ணான், ஒண்ணும் ஆகல.

கிரீஸ்கை:
மேல சொன்னதை தயவுசெஞ்சு கேக்காதீங்க தம்பி. பள்ளம் விழுந்த டிஸ்க்குல புது பேடை வச்சா பேடு முழுசா ஒட்டாது, மேடா இருக்குற இடத்துல மட்டும்தான் தொடும், அதுவும் சீக்கிரம் சூடாகி கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆயிடும். ஒரு பக்கம் மட்டும் மாத்துறதும் ஆகாது. ஒரே அச்சுல ரெண்டு பக்கமும் சேத்துத்தான் மாத்தணும், இல்லனா அவசரத்துக்கு மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

ஆனா அதை விட முக்கியமான விஷயத்தை நீங்களே எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க. உள்பக்கம் பூஜ்ஜியம், வெளிப்பக்கம் 6. அதுதான் உங்க வண்டியோட நோய், பேடு தேய்ஞ்சது அதோட அறிகுறி. பெரும்பாலான கார்ல காலிப்பருக்கு (பேடுகளை டிஸ்க்குல அழுத்துற கவ்வி) பிஸ்டன் ஒரே பக்கம்தான், உள்பக்கம். பிஸ்டன் உள் பேடைத் தள்ளும், அது டிஸ்க்குல முட்டினதும் காலிப்பர் மொத்தமும் ரெண்டு ஸ்லைடு பின் (அது சறுக்குற கம்பி) மேல உள்பக்கமா நகந்து வெளி பேடை இழுத்துட்டு வந்து டிஸ்க்குல அழுத்தும். அந்தப் பின் ஜாம் ஆயிட்டா காலிப்பர் நகராது, வெளி பேடு சும்மா வேடிக்கை பாக்கும், உள் பேடு ஒத்தக் கையா உழைக்கும், பிரேக்கை விட்ட பிறகும் சரியா விலகாம உரசிட்டே இருக்கும். பிஸ்டன் துருப்புடிச்சு திரும்ப உள்ள போகலனாலும் இதே மாதிரிதான் தேயும். எதுன்னு கண்டுபுடிக்காம புது சாமானை மாட்டினீங்கன்னா சீக்கிரமே இதே கேள்வியோட திரும்ப வருவீங்க.

டிஸ்க்கோட நடு மேட்டுலயோ விளிம்புலயோ குறைஞ்சபட்ச தடிமன் பொறிச்சிருக்கும். வயர் பிரஷ் போட்டுத் தேச்சுப் பாத்து அளந்துட்டு சொல்லுங்க.

நாலுசக்கரவாசி:
அளந்துட்டேன் அண்ணா. டிஸ்க்குல மினிமம் 20 மி.மீ.ன்னு இருக்கு. வெர்னியர் வச்சுப் பாத்தா 21.4 வருது. அப்போ கோட்டை மட்டும் லேத்துல போட்டு மழிச்சா போதும்ல? 😀

டார்க்ராணி:
விளிம்புல வச்சு அளந்திருப்பீங்க. பேடு படாத ஓரம் தேயாது, அங்க துருவும் சேந்து வரப்பு மாதிரி ஒரு மேடு நிக்கும், வெர்னியரோட தாடை அந்த வரப்பு மேலதான் உக்காரும். ஒரே மாதிரி ரெண்டு நாணயம் எடுத்து டிஸ்க்குக்கு ரெண்டு பக்கமும் வரப்புக்கு உள்ளாற வச்சு அதோட சேத்து அளந்து நாணயத் தடிமனைக் கழிச்சுப் பாருங்க. நாலஞ்சு இடத்துல அளங்க, அதுல எது குறைச்சலோ அதுதான் கணக்கு.

நாலுசக்கரவாசி:
அக்கா நீங்க சொன்னது சரி. நாணயம் ஒண்ணு 2 மி.மீ., மொத்தம் 23.1 வந்துச்சு, 4 கழிச்சா 19.1தான். வலது பக்கம் 20.3. ரெண்டு பக்கமும் டிஸ்க், பேடு வாங்கியாச்சு. சனிக்கிழமை வேலை. வேற எதாவது கவனிக்கணுமா?

டார்க்ராணி:
வீடியோல காட்டாத விஷயம் மட்டும் சொல்றேன். சமதரையில நிறுத்தி பின் சக்கரத்துக்கு கட்டை குடுங்க, வீல் நட்டை சக்கரம் தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிடுங்க, ஜாக்கியை மட்டும் நம்பி கையை உள்ள விடாதீங்க, ஸ்டாண்டு கட்டாயம். ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த பக்கம் போங்க, சந்தேகம் வந்தா மறுபக்கத்தைப் பாத்துக்கலாம். காலிப்பரைக் கழட்டினதும் ஹோஸ்ல தொங்க விடாதீங்க, ஒரு கம்பியால ஸ்பிரிங்குல கட்டிடுங்க. பிஸ்டனை உள்ள தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து பக்கத்துல துணி வச்சுக்கங்க. நடுவுல யாராச்சும் மேக்ஸ் வரைக்கும் ஊத்தி வச்சிருந்தா பொங்கி வழியும், பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் உரியும், பட்டுட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவணும். பழைய பேடை பிஸ்டன் மேல வச்சு சி கிளாம்ப்ல மெதுவா இறுக்குங்க. முன் பிரேக்ல நேரா தள்ளினா போகும். பின்னாடி டிஸ்க் இருக்குற வண்டில ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பர்ல இருந்தா பிஸ்டனை சுத்தித்தான் உள்ள விடணும், அதுக்கு உங்களுக்கு இப்ப வேலை இல்ல.

புது டிஸ்க்குல துருப்புடிக்காம இருக்க எண்ணெய் பூசித்தான் வரும், பிரேக் கிளீனர் அடிச்சு துடைக்காம மாட்டினா புது பேடு எண்ணெய் குடிச்சுடும். டிஸ்க் உக்கார்ற ஹப் முகத்துல துரு செதில் இருந்தா சுத்தமா சுரண்டிடுங்க. அங்க ஒரு சின்னத் துணுக்கு மாட்டினாலும் டிஸ்க் ஓரம் ஆட்டம் காட்டும், கொஞ்ச நாள் கழிச்சு பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் நடுங்கும், அப்புறம் எல்லாரும் டிஸ்க் வளைஞ்சிருச்சுன்னு கடைக்காரன் மேல பழி போடுவாங்க.

நாலுசக்கரவாசி:
சனிக்கிழமை மதியம். டிஸ்க்கைப் புடிச்சிருக்குற அந்த ஒத்த ஸ்க்ரூ தலை மழுங்கிப் போச்சு. என்ன பண்றது, வண்டி ஸ்டாண்டு மேல நிக்குது, வீட்டுல எல்லாரும் என்னையே பாக்குறாங்க.

கிரீஸ்கை:
பயப்படாதீங்க. சுத்தியால தட்டினா திரும்புற இம்பாக்ட் டிரைவர் இருந்தா வச்சு ரெண்டு தட்டு. இல்லனா டிரில்ல தலையை மட்டும் எடுத்துடுங்க, டிஸ்க் வந்ததும் மிச்சத்தை பிளையர்ல புடிச்சுத் திருப்பலாம். அந்த ஸ்க்ரூ வீல் இல்லாதப்போ டிஸ்க் ஆடாம இருக்கத்தான், வண்டி ஓடும்போது டிஸ்க்கை அழுத்திப் புடிக்கிறது வீல் நட்டுங்க. டிஸ்க் ஹப்போட ஒட்டிக்கிச்சுன்னா முகத்துல மரை போட்ட ரெண்டு ஓட்டை இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட்டு ஏறும், ரெண்டையும் மாத்தி மாத்தி இறுக்கினா டிஸ்க் தானா வெளிய வரும். அப்படியே ஸ்லைடு பின் ரெண்டையும் கையால இழுத்துப் பாத்து சொல்லுங்க.

நாலுசக்கரவாசி:
டிஸ்க் வந்துருச்சு, ரெண்டாவது போல்ட்டுல டப்புனு ஒரு சத்தம், ஹார்ட்டே நின்னுருச்சு. அண்ணா நீங்க சொன்னது அப்படியே சரி. மேல் பின் வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுது. கீழ் பின் அசையவே இல்ல, ஸ்பேனரைப் போட்டு முறுக்கி முறுக்கித்தான் வெளிய எடுத்தேன். அதோட நுனியில ஒரு ரப்பர் உறை இருக்கு, அது ஊறிப் போன கொண்டைக்கடலை மாதிரி உப்பி இருக்கு, கறுப்பா பிசுபிசுன்னு ஒட்டுது.

கிரீஸ்கை:
ரப்பர் உப்பியிருக்குன்னா யாரோ சாதா கிரீஸ் போட்டிருக்காங்க. அது பெட்ரோலியம் எண்ணெய்ல செஞ்சது, பிரேக்ல வர்ற ரப்பர் அதைக் குடிச்சு ஊதிடும். அங்க சிலிகான் கிரீஸ் மாதிரி ரப்பருக்கு ஒத்துக்குறதுதான் போடணும். கடைசியா யாரு அதுல கை வச்சது?

நாலுசக்கரவாசி:
...நான்தான். போன வருஷம் பஞ்சர் ஒட்டும்போது வீல் கழட்டியிருந்துச்சு, சும்மா இருக்காம பின்னை இழுத்துப் பாத்து கேரேஜ்ல இருந்த வீல் பேரிங் கிரீஸைத் தாராளமா அப்பி விட்டேன். நல்லது பண்றதா நினைச்சேன். மேல "கிட்டத்தட்ட"ன்னு போட்டது இதுக்குத்தான்.

டார்க்ராணி:
😂 ஒப்புக்கிட்டீங்களே அதுவே போதும். புது பின், உறை, பூட் (தூசி போகாம மூடுற ரப்பர்) எல்லாம் சேந்த கிட் கிடைக்கும், வாங்குங்க. துளைக்குள்ள இருக்குற பழைய கிரீஸை முழுசா துடைச்சு எடுங்க, கொஞ்சம் விட்டாலும் புது உறையும் ஊதும். உறை உள்ள பின் எந்தத் துளையில இருந்துச்சோ அதுலயேதான் போகணும், மாத்திடாதீங்க. இறுக்குறதுக்கு உங்க வண்டி மேனுவல் பாருங்க. ஸ்லைடு பின் போல்ட்டு சின்னது, 25, 30 நியூட்டன் மீட்டர் அளவுலதான் பல வண்டில வரும், காலிப்பரைத் தாங்குற பிராக்கெட்டோட போல்ட்டு 100க்குப் பக்கத்துல. ரெண்டையும் ஒரே வெறியில இறுக்கினா சின்னது மரை போயிடும்.

நாலுசக்கரவாசி:
ஞாயிறு மாலை. ரெண்டு பக்கமும் மாட்டியாச்சு, ஸ்டார்ட் பண்ணி பெடலை மிதிச்சா நேரா தரைக்குப் போயிடுச்சு. ஹோஸை நான் கழட்டவே இல்லயே, காத்து எப்படிப் போகும்?

கிரீஸ்கை:
காத்து போகல. பிஸ்டனை நீங்கதானே முழுசா உள்ள தள்ளினீங்க, அது திரும்ப வந்து பேடைத் தொடணும்ல. வண்டியை நகத்தாம ஏழெட்டு தடவை மெதுவா மிதிங்க, கெட்டியாயிடும். அப்புறம் ஆயில் அளவு பாருங்க. இதை மறந்துட்டு ரிவர்ஸ் எடுத்து கேட்டை இடிச்சவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர்.

கெட்டியானதும் காலி ரோடாப் பாத்து 50 கி.மீ. வேகத்துல இருந்து 15 வரைக்கும் மிதமா பிரேக் புடிங்க, நடுவுல கொஞ்சம் ஓட்டி ஆற விட்டு இப்படி ஒரு பத்து தடவை. சூடா இருக்கும்போது முழுசா நிறுத்தி பெடலை மிதிச்சபடியே நிக்காதீங்க, அந்த இடத்துல பேடு பொருள் டிஸ்க்குல திட்டா ஒட்டிக்கும்.

நாலுசக்கரவாசி:
திங்கள். பிரேக் நல்லா புடிக்குது, சத்தம் இல்ல. ஆனா 15 நிமிஷம் ஓட்டிட்டு இறங்கினா இடது வீல்ல கருகின வாடை. லேசர் தெர்மாமீட்டர்ல டிஸ்க்கைப் பாத்தேன், இடது 160 டிகிரி, வலது 70. பின் ரெண்டும் புதுசு, விரலால தள்ளினாலே நகருது. போச்சா, காலிப்பர் மாத்தணுமா?

கிரீஸ்கை:
காசை செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை. இடது பக்கம் தூக்கி ஸ்டாண்டுல வச்சு, பெடலை ஒரு தடவை மிதிச்சு விட்டுட்டு சக்கரத்தைக் கையால சுத்துங்க. இறுக்கமா இருக்கும்போதே காலிப்பர்ல இருக்குற பிளீடு நிப்பிளை லேசா திறங்க, கொஞ்சம் ஆயில் வரும், துணி வச்சுக்கங்க. திறந்ததும் சக்கரம் ஃப்ரீ ஆச்சுன்னா அழுத்தம் உள்ளயே மாட்டிக்குது, ஹோஸ் உள்பக்கம் உப்பி ஒருவழிப்பாதை ஆகியிருக்கும். திறந்தும் இறுக்கமாவே இருந்தா பிரச்சினை இரும்புல, அதாவது பிஸ்டன், பின், இல்ல பேடு.

நாலுசக்கரவாசி:
திறந்தும் இறுக்கம்தான். காலிப்பரைத் தூக்கினேன், பிஸ்டன் கிளாம்ப்ல சுலபமா உள்ள போயிடுச்சு. பேடைக் கையால எடுக்கப் பாத்தேன், வரல. ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பித்தான் எடுத்தேன். மாட்டும்போதே இடது பக்கம் மட்டும் சுத்தியால தட்டித்தான் உள்ள விட்டேன், புதுசுன்னா டைட்டாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

டார்க்ராணி:
அதான். பேடு கைல தள்ளினா சறுக்கிட்டுப் போகணும், சுத்தியல் எடுத்தாலே எங்கயோ தப்பு. பிராக்கெட்டுல பேடோட காது உக்கார்ற ஸ்டீல் கிளிப்பைக் கழட்டி அடியில பாருங்க, துரு பொங்கி கிளிப்பை மேல தூக்கியிருக்கும். அரத்தால துருவை மட்டும் இரும்பு தெரியுற வரைக்கும் ராவி எடுங்க, பேடோட காதை ராவாதீங்க. பேடு பாக்கெட்டுல வந்த புது கிளிப்பை மாட்டுங்க, காது படுற இடத்துல பிரேக் கிரீஸ் ஒரு பூச்சு, லைனிங்ல படக் கூடாது. நிப்பிளைத் திறந்ததால அந்தப் பக்கம் ஒரு தடவை பிளீடும் (உள்ள காத்து இருந்தா ஆயிலோட வெளியேத்துறது) பண்ணிடுங்க. ஆயில் டீத்தண்ணி நிறத்துல இருந்தா மொத்தமா மாத்திடலாம். அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும், டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் சேந்தா 155க்கே இறங்கிடலாம்.

நாலுசக்கரவாசி:
புதன். கிளிப்புக்கு அடியில துரு அப்பளம் மாதிரி பேந்து வந்துச்சு. ராவினேன், இப்ப பேடு விரலால தள்ளினா போகுது. ஆயிலும் மாத்தியாச்சு. அதே ரோடு, அதே 15 நிமிஷம், இடது 74, வலது 71. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த கிரீஸ் டப்பா மேல "பிரேக்குக்கு இல்லை"ன்னு மார்க்கர்ல பெருசா எழுதி வச்சுட்டேன்.

வேகம்குறை:
முழுசா படிச்சேன், நான் சொன்னதைக் கேக்காதது நல்லதாப் போச்சு ப்ரோ. இன்னைக்கு ரேடியோவை அணைச்சுட்டு ஓட்டிப் பாத்தேன், எனக்கும் முன்னாடி கீச்சுனு ஒரு சத்தம் வருது. எத்தனை மி.மீ. நாணயம் வேணும்னு சொன்னீங்க?